முசுமுசுக்கைப் பழம் தின்ற தெரு

என் அத்தை சங்கரவடிவுக்கு அநியாயம் செய்தது யார் என்று கேட்டால் ஒரே ஒரு ஆளைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஆனால் ஆரம்பித்து வைத்தது கல்லடைப்பிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்த கூட்டம்தான். வந்தார்கள், பாயில் உட்கார்ந்தார்கள், கேசரி தின்றார்கள், காப்பி குடித்தார்கள், வெற்றிலை போட்டார்கள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "போயிட்டுத் தகவல் சொல்லுதோம்" என்றார்கள், பஸ் ஏறினார்கள். ஏறினவர்கள் ஏறினவர்கள்தான். பிடித்திருக்கிறது என்றும் தகவல் வரவில்லை, பிடிக்கவில்லை என்றும் தகவல் வரவில்லை. அது நான் பிறந்த வருஷம். நான் இப்போது பல்கலைக்கழகத்தில் முதுகலை முடிக்கப் போகிறேன்.

தகவல் வராவிட்டால் என்ன, இவர்களே போய்க் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் விவரம் தெரிந்த நாளிலிருந்து தோன்றிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் எங்கள் ஊர் ஆலடிக்குளத்தில் பெண்வீட்டார் போய்க் கேட்கக் கூடாது, கேட்டால் கௌரவம் போயிற்று. அவர்கள் வேண்டாமென்று சொல்லாதவரை இன்னொருத்தருக்குப் பெண்ணைக் காட்டவும் கூடாது, காட்டினால் வெற்றிலை கொடுத்த வாக்குப் போயிற்று. அவர்கள் எந்த நேரமும் வரலாம் என்பதால் பெண் எங்கேயும் போகவும் கூடாது, வந்த நேரத்தில் பெண் இல்லாவிட்டால் நன்றாகவா இருக்கும். இப்படி யோசித்துத்தான் என் அப்பா நெல்லையப்பன், அத்தைக்கு உடன்பிறந்த ஒரே அண்ணன், நாகர்கோவிலில் நர்ஸ் படிப்புக்குக் கிடைத்திருந்த இடத்துக்கு அவளை அனுப்பவில்லை. "தகவல் வரட்டும், பாப்போம்." பிறகு கல்யாண வீடுகளுக்கு அனுப்பவில்லை, பிறகு கோயில் கொடை விழாவுக்கு, பிறகு முக்குக் கடைக்கு. என் அப்பா கொடுமைக்காரர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம், கொடுமைக்காரராக இருந்தால் சண்டை போடுவது சுலபம். நல்ல மனுஷன், தங்கச்சிக்குப் பிடிக்கும் என்று பனங்கிழங்கு வாங்கி வருவார், அவித்துத் தோலுரித்துத் தருவார், வெளியே மட்டும் விடமாட்டார். எங்கள் வாசலில் கிடக்கும் செருப்புகளில் அப்பாவுடையது உண்டு, அம்மாவுடையது உண்டு, என்னுடையது கூடுதலாகவே உண்டு. அத்தையுடையது கிடையாது. பழசு அறுந்தபோது புதுசு வாங்க வேண்டிய முகாந்திரம் யாருக்கும் தெரியவில்லை.

தகவல் ஏன் வரவில்லை என்பதற்குத் தெரு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தது. கேசரி. விருந்தாளிக்கு வைக்குமுன் வீட்டு ஆட்கள் வாயில் வைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம், ஆகவே கல்லடைப்புக்காரர்கள் தட்டை வழித்துத் தின்று "நல்லாருக்கு" என்று சொல்லிப் போன பிறகுதான் அம்மா சட்டியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி வாயில் போட்டாள், போட்ட வேகத்தில் முற்றத்தில் துப்பினாள். சீனியும் நெய்யும் முந்திரியும் போட்டு, அதன்மேல் கை நிறைய உப்பும் விழுந்திருந்தது. "பிள்ளை பதட்டத்துல டப்பாவ மாத்திட்டா" என்று அம்மா சொல்ல, பக்கத்து வீட்டுக் கோமு பெரியம்மை கேட்க, பெரியம்மை கேட்டால் தெரு முழுக்கக் கேட்ட மாதிரிதான். அதிலிருந்து யார் வீட்டில் தோசை கருகினாலும், யார் வண்டி பஞ்சரானாலும், "வடிவு கேசரி கிண்டுன கதையால்லா இருக்கு" என்பார்கள், அத்தை காதில் விழும்படியாகவே.

அத்தை அதற்கெல்லாம் முகம் மாறமாட்டாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு துவைகல், ஒரு கிணறு, ஒரு முருங்கை, சுற்றி முள்வேலி, அதுதான் அவளுக்கு ஊர், ஜில்லா, உலகம். அதில் அவள் ரோஜா வைக்கவில்லை, மல்லிகை வைக்கவில்லை. ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு வேலியோரம் தானாக முளைத்துக் கிடந்த முசுமுசுக்கைக் கொடியைத்தான் எடுத்துக்கொண்டாள். சளிக்கு அரைத்துத் தோசைமாவில் கலப்பார்களே, அதே முசுமுசுக்கை, இலையைத் தடவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருக்கும், பூ கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் பொட்டு, காய் வெள்ளைக் கோடு போட்ட பச்சை, பழுத்தால் குங்குமச் சிவப்பில் பட்டாணி அளவு. அத்தை பழத்தைப் பிதுக்கி விதையெடுத்துச் சாணித்தண்ணியில் ஊறப்போட்டு, துவைகல்லில் வழியும் தண்ணீர் போய்ச் சேருமிடத்தில் ஊன்றினாள், இலையைச் சல்லடையாக்கும் செவ்வண்டுக்கு அடுப்புச் சாம்பலைத் துணியில் கட்டித் தட்டினாள்.

"ஏளா வடிவு, ஊரெல்லாம் செடி காசு குடுத்து வாங்கி வக்கிது, நீ என்னன்னா வேலியில தானாக் கெடக்குறதக் கொண்டாந்து சீராட்டுத" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கோமு பெரியம்மை கேட்டாள்.

"தானாக் கெடக்குறத யாரும் பாக்க மாட்டாங்கல்லா மதினி, அதான்" என்றாள் அத்தை.

பந்தல் போடச் சொல்லி அப்பா கம்பு வெட்டிக்கொண்டு வந்தபோது வேண்டாமென்றுவிட்டாள். அது போகிற பக்கம் போகட்டும் என்றாள். கொடியும் போயிற்று, தரையோடு தரையாக, வழியில் கல் கிடந்தால் அத்தை ஒரு குச்சியால் தள்ளிவிட, வேலிவரை அவள் கூடவே வர, வேலிக்கு அப்பால் அது தனியாக, கோமு பெரியம்மை சுவரில் ஏறி, ரேஷன் கடை ஜன்னலை எட்டிப் பார்த்து, சாக்கடைத் திண்டில் நடந்து, முக்கு டீக்கடையின் பெஞ்சுக் காலைச் சுற்றி, ஒரே கோடைக்குள் பஸ் நிற்குமிடம் வரைக்கும் போய்விட்டது. அத்தை போகாத இடமெல்லாம் அது போயிற்று என்று நான் சொன்னால், "எல்லாத்தையும் ஒரு பாயிண்ட்டாக்கிருவா இவ" என்று அம்மா சொல்வாள், ஆகவே சொல்லவில்லை.

அந்தப் பழத்தை முதலில் தின்றது காஸ் சிலிண்டர் கொண்டுவரும் இசக்கிராஜ். சிலிண்டரைப் பின்வாசலில் இறக்கிவிட்டு, அம்மா புத்தகம் எடுத்து வரும்வரை சும்மா நிற்பானேன் என்று ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டார், போட்டதும் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார், முருங்கை மரத்தைப் பார்த்து, "ஆமா சார்வாள், உலக மேப்பக் கிழிச்சது நாந்தான், ஆஸ்திரேலியாவ மட்டும் வீட்ல பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். நாலாம் வகுப்பில் வாத்தியார் கேட்ட கேள்வி அது. அன்றைக்கு வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறார்.

"சரி, கையெழுத்து எங்க போடணும்?" என்றாள் அம்மா. அவர் காட்டினார், போட்டாள், அவர் காலிச் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ரொம்ப நாளாகக் காதுக்குள் இருந்த தண்ணீர் வெளியே வந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

இப்படித்தான் தெரிய வந்தது. ஒரு பழம் தின்றால், உன்னிடம் யாரோ கேட்டு நீ சொல்லாமல் விட்ட பதில்களில் ஆகப் பழசு எதுவோ அது வாய்வழியாக வந்துவிடும். இரண்டு பழம் தின்றால் அதற்கடுத்ததும் வரும். ஏன், எப்படி என்று எங்கள் தெருவில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை, நான் மட்டும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு போய்த் தாவரவியல் துறையில் காட்டினேன், அவர்கள் அதை முசுமுசுக்கை என்றார்கள், அது எனக்கே தெரியும் என்றேன், வாங்கிப் பார்த்த பேராசிரியர் ஒன்றைத் தின்றுவிட்டு, "இல்லம்மா, அந்தக் குடையை நான் தொலைக்கல, குடுத்துட்டேன்" என்று எங்கேயோ பார்த்துச் சொன்னார், அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது.

தெருவுக்கு முக்கியமாக இருந்தது வேறு. கோமு பெரியம்மை கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் "கொழம்பு எப்படி இருக்கு" என்று கேட்பாள், சிவனு பெரியப்பா கையைக் கழுவிவிட்டு எழுந்து போவார். அவர் ஒரு சாயங்காலம் விஷயம் தெரியாமல் கடலை கொறிப்பது போல ஒரு கை நிறைய அள்ளித் தின்றுவிட்டார். அப்புறம் வரிசையாக வந்தது. "மொத நாள் வச்ச புளிக்கொழம்பு நல்லாருந்துச்சு. மறுநாள் சொதி, அதுல இஞ்சி தூக்கல். அதுக்கு மறுநாள் உங்க அண்ணன் வந்திருந்தான், அன்னைக்குச் சாம்பார், எனக்குப் பத்தல, கேக்கக் கூச்சமாருந்துச்சு..." பெரியம்மை கன்னத்தில் கை வைத்து எதிரே உட்கார்ந்தாள், முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு "மொளகூட்டல விட்டுட்டீர், அது எப்படி இருந்துச்சு?" என்று இவளே எடுத்துக் கொடுத்தாள், மறுநாள் காலையில் பால்காரர் மணி அடித்தபோது அவர்கள் மூத்த மகள் பிறந்த வருஷத்துக் கருவாட்டுக் குழம்பில் இருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பரீட்சைக்கு நல்லதென்று பையில் போட்டுக்கொண்டு போய்த் தின்றார்கள், அத்தனை பேரும் போன வருஷக் கேள்வித்தாளுக்குப் பிழையில்லாமல் பதில் எழுதிவிட்டு வந்தார்கள். வார்டு கவுன்சிலர் எங்கள் தெருவுக்குள் வருவதையே நிறுத்தினார், வந்தாலும் வாயில் கைக்குட்டை, கடைசியில் டீக்கடைக்காரர் ஞானராஜ் வடைச் சட்னியில் நாலைந்து பழத்தை அரைத்து வைத்தார், கவுன்சிலர் வடையை மென்று முடித்து, "உங்க தெருவுக்குக் குடிதண்ணிக் கொழாய் வராது, சத்தியமா வராது" என்றார். யாரும் அவரை அடிக்கவில்லை. எல்லாருக்கும் ஒரு நிம்மதி. அந்த வாரமே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ரேஷன் கடைப் பக்கம் சொந்தமாகக் கிணறு தோண்டிவிட்டோம்.

பிள்ளையார் கோயிலில் சாமிக்கே ஒரு இலையில் வைத்துப் பார்த்தார்கள், கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். மறுநாள் இலை காலி. எறும்பு தின்றுவிட்டது என்று குருக்கள் சொன்னார். அந்த எறும்புகள் யாருக்கு என்ன பதில் சொல்லிக்கொண்டு போயின என்பது தெரியவில்லை.

போகப்போக அதற்கென்று ஒரு முறைமை வந்தது. தனியாகத் தின்னக் கூடாது, கேட்ட ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பதில் காற்றோடு போய்விடும். கேட்ட ஆள் செத்துப்போயிருந்தால் ஆற்றங்கரைக்குப் போய்த் தின்பது. தபால் ஆபீஸ் கஸ்தூரி அப்படித்தான் படித்துறையில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றைத் தின்று, "சாப்புட்டேம்மா, இப்பதான் சாப்புட்டேன்" என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தாள், அவள் அம்மா கடைசியாகப் போன் செய்த அன்று இவள் வேலையாக இருக்கிறேன் என்று பாதியில் வைத்துவிட்டாளாம். ஞானராஜ் கடையில் பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் நிறையப் பழம் வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஆள் வந்தது, கணவனைக் கூட்டிக்கொண்டு மனைவிகள், மகனைக் கூட்டிக்கொண்டு அப்பாக்கள், மந்திரிக்கக் கூட்டிவருவது போலக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள்.

இரண்டு பேரிடம் மட்டும் பழம் பலிக்கவில்லை. ஒருத்தி நான். தின்று பார்த்தேன், வாய் இனித்தது, அவ்வளவுதான். "நீதான் கேக்காத கேள்விக்கே பதில் சொல்லுறவளாச்சே, ஒனக்கு என்னட்டி பாக்கி இருக்கப் போகுது?" என்றாள் அம்மா. நியாயம்தான், ஒத்துக்கொண்டேன்.

இன்னொருத்தி அத்தை. வளர்த்தவள் அவள், தண்ணீர் ஊற்றும்போது கொடியோரம் குத்தவைத்துப் பொரி தின்கிற மாதிரி தின்பாள், காலையில் தின்பாள், துணி அலசிவிட்டுத் தின்பாள், ஒரு வார்த்தை வந்தது கிடையாது. வளர்க்கிற கைக்கு வேலை செய்யாது என்றார் ஞானராஜ். கல்நெஞ்சக்காரி, கல்லுக்குள்ள என்ன இருக்கும் என்றாள் கோமு பெரியம்மை. "வடிவு யாருக்கும் எந்தப் பதிலும் பாக்கி வக்காதவ, தங்கம்லா அவ" என்றார் அப்பா. அப்பா மட்டும் பழத்தைத் தொடவே மாட்டார். எனக்குச் சுகர் இருக்கு என்பார். மாத்திரையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு அந்தப் பழம்.

எனக்கு அந்தக் காரணங்கள் ஒன்றும் ஒட்டவில்லை. நான் வாயாடி, என்னிடம் பாக்கி இல்லாதது சரி. அத்தை ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அவளிடம் எப்படிப் பாக்கி இல்லாமல் போகும்? பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதையே யோசித்தேன், ஜன்னலுக்கு வெளியே கொடி சாலையோரமாக ஓடிவருகிற மாதிரியே இருக்கும். யோசித்து எதுவும் கிடைக்கவில்லை, கல்லடைப்புக்காரர்கள் வந்து இறங்கும்வரை.

அவர்கள் எங்கள் வீட்டைத் தேடி வரவில்லை, பழத்தைத் தேடி வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், முக்கில் பஸ் நின்றது, செல்லக்கனி என்கிற பெரிய உடம்புக்காரி தன் தம்பியைத் தோளைத் தொட்டு முன்னால் தள்ளிக்கொண்டே இறங்கினாள். தம்பி பொன்னுலிங்கம், நரைத்த மீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், ஒரு பிரதியா இரண்டு பிரதியா என்று கேட்பதைத் தவிர வேறு பேச்சில்லாதவர். டீக்கடை பெஞ்சில் அவரை உட்கார வைத்துவிட்டு அக்கா ஞானராஜிடம் முறையிட்டாள்.

"எதக் கேட்டாலும் பாப்போம் பாப்போம்னே மனுசன் நரைச்சுப் போனான் அண்ணாச்சி. வேல வந்துச்சு, போறியாடேன்னு கேட்டேன், பாப்போம்னான். பொண்ணு எத்தன பாத்தேங்கிய, புடிச்சிருக்கான்னு கேட்டா சன்னல வேடிக்க பாப்பான். எங்க அம்ம கடைசிவரைக்கும் இவன் வாயப் பாத்துட்டே போய்ச் சேந்துட்டா. ஒரு பழம் குடுங்க, இன்னைக்காவது எதுக்காவது பதில் வரட்டும்."

"ஒன்னு போதுமா?" என்றார் ஞானராஜ். "பாட்டிலோட தரவா?"

பொன்னுலிங்கம் பழத்தை வாங்கி, சட்டையில் துடைத்து, வாயில் போட்டார். கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். அவர் முகம் சிவந்தது. பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவர் போல முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"புடிச்சிருக்கும்மா. அந்தக் கிணத்து வீட்டுப் புள்ளைய."

"எந்தக் கிணத்து வீடுடே?" என்றாள் செல்லக்கனி. கேட்டுவிட்டுத் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வேலியைப் பார்த்தாள், முருங்கையைப் பார்த்தாள், கையை வாயில் வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ. இந்த ஊருதானா அது?"

அதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஆள் ஓடிற்று. அப்பா பனியனோடு வெளியே வந்தார், உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு மறுபடியும் வந்தார், பொத்தான் மாறிப் போட்டிருந்தார். அதே பாய் விரித்து, அதே மூலையில் அக்காளும் தம்பியும் உட்கார, வாசலில் கோமு பெரியம்மையும் சிவனு பெரியப்பாவும் தெருவும் நிற்க, செல்லக்கனி என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்னும் மனசுல வச்சு வரலன்னு நெனச்சிராதீங்க மதினி. பஸ்ஸுல ஏறுனதும் அம்ம இவன்கிட்ட கேட்டா, புள்ளையப் புடிச்சிருக்காடேன்னு. இவன் சன்னலப் பாத்துட்டு வந்தான். இவன் சொல்லட்டும், சொன்னதும் தகவல் சொல்லுவோம்னு அம்ம இருந்தா. அம்ம இன்னொரு தடவ கேக்கட்டும்னு இவன் இருந்திருக்கான். அப்படியே கெடந்து போச்சு."

"நாங்க கேசரிக்காகத்தான்னு நெனச்சோம்" என்றாள் அம்மா.

"அதுவா?" என்று செல்லக்கனி சிரித்தாள். "வீட்டுக்குப் போய்க் கொடம் கொடமாத் தண்ணி குடிச்சோம். அதுக்காக யாராவது பொண்ண வேண்டாம்பாங்களா? சின்னப்புள்ள, பயத்துல விழுந்திருக்கும்."

அப்பா அழுதுவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமாகவே அழுதார், இத்தனை வருஷம் வாசலைப் பார்த்துப் பார்த்துக் காய்ந்த கண்ணெல்லாம் நனைய அழுதார். துடைத்துக்கொண்டதும் காலண்டரைத் தேடினார். "ஆவணியில வளர்பிறை இருக்கு. மண்டபம் வேண்டாம், கோயில்லயே வச்சுக்குவோம். நமக்கு இனி என்ன ஆடம்பரம்?" கோமு பெரியம்மை குலவை போட்டாள். ஞானராஜ் காப்பிக்குப் பால் எடுக்க ஓடினார். தெரு மொத்தமும் ஒரே பேச்சாக, சேலை எங்கே எடுப்பது, மேளம் யாருக்குச் சொல்வது, இந்த வயசில் நலங்கு வைப்பதா வேண்டாமா என்று எங்கள் வீட்டு முற்றத்தில் கல்யாணத்தை நடத்தி முடித்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் கல்லடைப்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

நான் பின்வாசலைப் பார்த்தேன். அத்தை துவைகல்லோரம் குத்தவைத்திருந்தாள். வெறுங்கால். கொடியில் பழம் பறித்துத் தின்றுகொண்டிருந்தாள், ஒன்று, இன்னொன்று, இன்னொன்று, இன்னொன்று. வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய வேகத்தில் கத்திவிட்டேன்.

"அத்தைகிட்ட யாராவது கேட்டீங்களா?"

"என்ன கேக்கணும்?" என்றார் அப்பா.

"புடிச்சிருக்கான்னு."

"ஏட்டி, சும்மா கெட. நல்ல காரியம் பேசையில பட்டிமன்றம் வைக்காத. அதக் கேக்கணுமாக்கும்? அவ மொகத்தப் பாத்தாத் தெரியாதா?"

"அவ மொகத்த எப்பப் பாத்தீங்க? அன்னைக்கு அவருகிட்ட அவுக அம்மா கேட்டாங்க. புடிச்சிருக்கான்னு பஸ்ஸுல வச்சே கேட்டுட்டாங்க. அத்தைகிட்ட அன்னைக்குக் கேட்டீங்களா? நர்ஸ் படிப்பு வேண்டாமான்னு கேட்டீங்களா? வீட்ல இருக்கியான்னு கேட்டீங்களா? இப்ப ஆவணியில கல்யாணம் வைக்கலாமான்னு கேட்டீங்களா?"

"நம்ம வீட்ல அப்படிக் கேக்கற வழக்கமில்லட்டி" என்றாள் அம்மா, ஆனால் குரல் இறங்கிவிட்டது.

"அந்தப் பழம் ஏன் அத்தைகிட்ட பலிக்கலன்னு ஆளாளுக்கு ஒன்னு சொன்னீங்களே. கல்லுன்னீங்க, தங்கம்னீங்க. சொல்லாம விட்ட பதில்தானே பழத்துக்கு வரும்? கேட்டாத்தானே விடுறதுக்கு? ஆஸ்திரேலியாவக் கிழிச்சவருக்குக்கூட ஒரு கேள்வி இருந்துச்சு. எங்க அத்தைக்கு ஒன்னுகூட இல்ல!"

எல்லார் முகத்திலும் ஒரே தேடல், நான் பார்த்தேன், தெரு மொத்தமும் மனசுக்குள் பின்னோக்கி நடந்துபோய் சங்கரவடிவிடம் தான் எப்போதாவது எதையாவது கேட்டிருக்கிறோமா என்று துழாவிக்கொண்டிருந்தது. சாவி எங்கே என்று கேட்டிருந்தார்கள், கரண்ட் வந்திடுச்சா என்று கேட்டிருந்தார்கள், அதற்கெல்லாம் அவள் அந்தந்த நேரமே பதில் சொல்லியிருந்தாள். கோமு பெரியம்மை விரலை மடக்கப் போனாள், ஒரு விரல்கூட மடங்கவில்லை, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

முதலில் பேசியது பொன்னுலிங்கம்தான். "கேளுங்க அத்தான்" என்றார் அப்பாவிடம். "நானும் பதில் தெரிஞ்சுக்கிடுதேன். இல்லன்னா இல்லன்னே சொல்லட்டும். சொல்லாம இருக்கறதுதான் பாவம், எனக்குத் தெரியும்."

அப்பா எழுந்தார். பாயிலிருந்து பின்வாசல் அப்படி ஒன்றும் தூரமில்லை, ஆனால் அவர் கல்லடைப்புக்கு நடந்தே போகிறவர் மாதிரி போனார். துவைகல்லுக்கு முன்னால் போய் நின்றார். கொடியைக் குனிந்து பார்த்து, ஒரு பழத்தைப் பறித்து, உள்ளங்கையில் வைத்துத் தங்கச்சியிடம் நீட்டினார்.

"வடிவு. ஒனக்கு... இவரப் புடிச்சிருக்காம்மா?"

அத்தை பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அண்ணன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், முதல்முறை பார்க்கிற மாதிரி. கேள்வி வந்த வழியையெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அப்புறம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

"இத எதுக்கு நீட்டுதியண்ணே? கேட்டாச் சொல்லப் போறேன். அன்னைக்கே சொன்னேனே. அந்தக் கேசரியில உப்பு தெரியாம விழல."

அம்மா வாயைப் பொத்தினாள். செல்லக்கனி "ஏ யாத்தே" என்றாள். பொன்னுலிங்கம் முதலில் தலையைக் குனிந்தார், குனிந்த தலை குலுங்கியது, அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிக்கிறார், "ரெண்டாந்தடவை கேட்டு வாங்கித் தின்னனே நானு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், எந்தப் பழமும் தின்னாமலே.

"அப்ப ஒன்ன வெளிய விடாம வீட்லயே வச்சு..." என்றார் அப்பா. கையிலிருந்த பழம் தரையில் விழுந்தது, கொடியோடு கொடியாகக் கிடந்தது. துண்டை எடுத்தார், வைத்தார். கேட்கிற வழக்கமில்லாத வாய், ஒன்று கேட்டதும் திறந்துகொண்டது போல, அடுத்ததையும் கேட்டார்.

"அப்ப ஒனக்கு என்னதான் வேணும் தாயி?"

அத்தை வேலிக்கு அப்பால் பார்த்தாள். கொடி போன தடம் பச்சையாகத் தெரிந்தது, சுவரில் ஏறி, சாக்கடைத் திண்டில் நடந்து, பஸ் நிற்கும் இடம் வரைக்கும். பிறகு எங்கள் வாசலில் அன்றைக்குக் குவிந்து கிடந்த தெருவின் செருப்புகளைப் பார்த்தாள், ஆண் செருப்பு, பெண் செருப்பு, பிய்ந்தது, புதுசு.

"ஒரு சோடி செருப்பு வாங்கித் தாங்கண்ணே" என்றாள். "போயிட்டுத் தகவல் சொல்லுதேன்."